பூக்குடலையின் அடியில்

அக்கா,

உங்கள் மருமகள் நேற்று உங்கள் பூக்குடலையைக் கொண்டுவந்து, "அத்தை ஞாபகமா நீங்களே வச்சுக்கங்க" என்று கொடுத்தாள். காய்ந்த துளசி வாசனை இன்னும் போகவில்லை. கழுவலாமென்று அடித்துணியின் தையலைப் பிரித்தேன். உள்ளே ஒரு சீட்டு, சீட்டுக்குள் ஒற்றை மாத்திரை. என் பெயர் எழுதி, நர்ஸம்மாவின் கையெழுத்தில்: "ஐந்தாம் மாதம். பூச்சி மாத்திரை, ஒரே வேளை. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்."

மறந்திருந்தால் தைத்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு அது தலைப்பிரசவம். கொள்ளிடக்கரை நந்தவனத்தில் விடிகாலையில் பெருமாளுக்குப் பூப்பறிக்க நாம் இரண்டு பேர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வெளிக்கு ஒதுங்குவார்கள். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் நம் பாத்திக்குத்தான் வரும். எனக்குக் கால் விரலிடுக்கெல்லாம் அரித்தது. செருப்பு போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"பெருமாள் தோட்டத்துல செருப்பா? துளசி எழுந்து ஓடிப்போயிடும்டி."

இரண்டு பேரும் சிரித்தோம்.

"நான் இல்லாதப்ப நர்ஸம்மா வந்தாங்களாமே, என்னக்கா சொன்னாங்க?"

"என்ன சொல்லுவா, கீரை தின்னச் சொன்னா."

மார்கழி வர இருந்தது. நான் நின்றுவிட்டால் உங்களுக்குத் துணைக்கு ஆளில்லை. அதற்காகத்தான் மறைத்தீர்களா?

இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கி நோட்டில் குறித்தேன். ரத்தம் ஏறவேயில்லை. எட்டாம் மாதத்தில் பிறந்த பையன் பதினோரு நாள் இருந்தான். பிறகுதான் திருச்சி ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்தார்கள். கொக்கிப்புழு, மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறி, குடலில் தங்கி ரத்தம் குடிக்குமாம். உங்களிடம்தான் ஓடிவந்து சொல்லி அழுதேன். என் தலையைத் தடவி, "பெருமாள் சித்தம்" என்றீர்கள். நீங்கள் செய்ததை அவர் தலையில் கட்டிவிட்டீர்கள்.

அதன்பின் நான் தோட்டத்துக்குள் போகவில்லை. நீங்கள் பறித்து வந்ததை வீட்டிலிருந்து தொடுத்தேன், இத்தனை வருஷம்.

அந்த மாத்திரை அவனைக் காப்பாற்றியிருக்குமா, தெரியாது. அதை நான் விழுங்கிப் பார்த்திருக்க வேண்டும், அக்கா.

இப்போது என் மகளுக்கு ஐந்தாம் மாதம். டாக்டர் கொடுத்த பூச்சி மாத்திரையை என் கண்முன்னால் விழுங்கினாள். இன்று காலை நந்தவன வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள்.

"கழட்டாத. போட்டுக்கிட்டே வா."

"பெரியம்மா இருந்தா திட்டுவாங்களேம்மா."

சீட்டை அவளிடம் காட்டவில்லை. உங்கள் குடலையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நானும் செருப்போடு உள்ளே போனேன்.

துளசி எங்கேயும் ஓடவில்லை.