இல்லாத ஒருத்தியின் பேச்சு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு ஒரு நாவல் அனுப்பினாயே, அதனால் எனக்கு நிம்மதி போயிற்று. லிஃப்ட் ரிப்பேருக்கு அலைந்துவிட்டு வருகிற மனிதர், கை கழுவியதும் டிவி முன்னால் உட்காருவார், தையல் மெஷினில் இருந்தபடி நான் வாயைத் திறந்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார், இது உனக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாயிற்று, செவிடன் காதில் ஊதிய சங்குதான். அப்படிப்பட்டவர் இடுப்புப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தபோது உன் புத்தகத்தைக் கையில் எடுத்தார். படித்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டு "சொல்லு" என்றார். என்னத்தைச் சொல்வது, மெஷின் ஊசி உடைந்ததுதான் மிச்சம், ஆஸ்பத்திரிக்குத் தைத்துக்கொண்டிருந்த சீருடையின் காலர் கோணிப்போனது.

அன்றிலிருந்து தினமும் முக்காலிதான். ரிமோட் அலமாரி மேலே போய்விட்டது. ஒருநாள் நான் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கே வந்து, "நீ பேசினத நான் கேக்கவே இல்லையே, இப்போ கேக்கணும்போல இருக்கு" என்று கண் கலங்கினார். எனக்கும் மனசு இளகித்தான் போயிற்று. இவருக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று பார்க்க, பட்டன் தைத்து முடித்த நேரமெல்லாம் நானும் அதைப் படித்தேன். அதில் ஒருவன் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக் கூட்டியே பெண்டாட்டி பேச்சைக் காதில் வாங்காமல் இருந்துவிட்டு, அவள் செத்தபிறகு படத்துக்கு முன்னால் நின்று இதே வார்த்தையைச் சொல்கிறான். ஏன்டா, நான் என்ன சுவரிலா தொங்குகிறேன்? புத்தகத்தை அவர் முன்னால் போட்டு நன்றாகக் கேட்டேன். "அதனாலதான் இப்பவே சொல்லிட்டேன்" என்றார். எனக்குக் கோபம் இன்னும் ஏறிற்று. திருந்தினாலும் சண்டை போடுறியேம்மா என்று உன் அக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி கத்தியது ஏறாத காதில், காகிதத்தில் இருக்கிற இல்லாத ஒருத்தி பெருமூச்சு விட்டதும் ஏறிவிட்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்.

அவர் மேல் பாதிக் கோபம், மீதி உன் மேல். நீ அதை முழுசாகப் படித்தாயா? அதில் ஒரு மகனும் வருகிறான். வெளியூரில் இருக்கிறான், தங்கமான பிள்ளை, அப்பாவுக்குப் பார்சல் பார்சலாக அனுப்புவான், வாயைத் திறந்து மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டான். போனை அப்பா எடுத்துவிட்டால் "அம்மாகிட்ட குடுங்க", அவ்வளவுதான், அப்படியே நீதான். நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று "இனி இந்தப் பக்கம் வராதே" என்று அவர் சொன்னது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதை எத்தனை காலத்துக்குச் சுமப்பாய்? அவரைத் திருத்தப் புத்தகம் அனுப்பினாய், உன்னைத் திருத்த யார் அனுப்புவது? அதையே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். மகன் வருகிற பக்கத்தில் துண்டுத்துணி வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படி.

இப்போதெல்லாம் போன் அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறார், எடுக்கத்தான் பயம். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கமாட்டேன், அவர்தான் எடுப்பார். அம்மாவிடம் கொடு என்று சொல்லிப் பார்க்காதே, நான் அக்கா வீட்டில் இருப்பேன்.

நோய்நொடி இல்லாமல் நல்லா இரு. போனில் முதல் வார்த்தை அப்பா என்று இருக்கட்டும், மறந்துவிடாதே.

இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா