டேஷ்போர்டில் இருந்த சாவி

மகளின் அம்மாவுக்கு,

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. பூங்காவில் நாங்கள் படகில் ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். சீட்டெல்லாம் கண்ணாடித் தூள். அதைக் கூட்டி அள்ளுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

அவளுடைய பை போய்விட்டது. டேஷ்போர்டில் இருந்த வண்டிக் காகிதங்களும் போய்விட்டன. காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், "வேற என்ன போச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். உன் மகள் சும்மா இருப்பாளா?

"சாவி போச்சேப்பா. நீங்க அடிக்கடி எடுத்துப் பார்ப்பீங்களே, அது."

வீட்டை விட்டு வந்தபோது தொலைந்துவிட்டதாக உன்னிடம் சொன்னேனே, அதே வாசல் சாவிதான். வண்டிக் காகிதத்திலும் இன்னும் உன் வீட்டு விலாசம்தான் இருக்கிறது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது இரண்டும் எவனோ ஒருவன் கையில்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு பூட்டை மாற்றிவிடு. புதுப் பூட்டோடு மூன்று சாவி தருவார்கள். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு.

மூன்றாவதை நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா