இஷிதா கொடுத்த கேமரா

அன்புள்ள மாமாவுக்கு, சாலாச்சி வணங்கி எழுதுறேன். இடுப்பு வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

டெல்லியில நம்ம மதராசி கேம்ப் வீட்டை இடிக்கிறதுக்குள்ள படம் பிடிச்சு அனுப்பச் சொன்னீங்களே. என் பட்டன் போன்ல சரியா விழாதுன்னு, வேலை செய்யிற வீட்டுப் பொண்ணு இஷிதா ஃபிலிம் போடுற பிளாஸ்டிக் கேமரா கொடுத்தா. பார்க்க விளையாட்டுச் சாமான்தான். படம் கனவு மாதிரி வரும்னா. நம்பி, அடுப்படி, வாசல் எல்லாம் ஆசையா எடுத்தேன். ஃபிலிமைக் கழுவிப் படமாக்கித் தரேன்னு வாங்கிட்டுப் போனா.

கழுவுறதுக்கு முன்னாடி அதே ஃபிலிமைத் திரும்பச் சுத்திப் போட்டு, நம்ம வீட்டுப் படத்து மேலேயே அவ சிநேகிதிகளை எடுத்திருக்கா மாமா! வேணும்னேதான். "ரெண்டும் கலந்து எவ்வளவு அழகு பாருங்க ஆன்ட்டி!"ன்னு சிரிக்கிறா.

"வீடே இடிஞ்சு போச்சேம்மா."

"அதனாலதான் இன்னும் ஸ்பெஷல்!"

புதுக் கேமரா தரேன்னா. தொடமாட்டேன்னுட்டேன்.

உங்க போட்டோ ஒன்னு அனுப்புங்க, நீங்க மட்டும் இருக்கிறதா. இப்ப குடியிருக்கிற நரேலாவுக்குப் பஸ் வந்துடும், முடிக்கிறேன்.

இதோட ஒரு படம் வச்சிருக்கேன். வெளிச்சத்துல உத்துப் பாருங்க. அந்தப் பொண்ணு சிரிக்கிற பல்லு மேல நீலமா தெரியறது நீங்க சாயம் அடிச்ச கதவு.

சாலாச்சி