ஆனியின் மீன்கறி

மோளே,

மறதியால் நான் கதையைப் பாதியில் விட்டுவிட்டதாகக் கோட்டயத்து உறவினரிடமெல்லாம் சொல்கிறாயாம். அது பொய். தொலைக்காட்சித் தொடரில் வரும் வக்கீலின் மனைவி ஆனியை வைத்து நான் எழுதிய முதல் ரசிகர் கதை அது. ஒரே அத்தியாயம், முற்றும் என்று குறித்தே இணையத்தில் ஏற்றினேன்.

கணவனை அடக்கம் செய்துவிட்டு வரும் ஆனி, துக்க வீட்டில் விலக்கான மீன்கறியை அன்றே சமைத்து நிதானமாகச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

நீ என் கணக்கில் நுழைந்து, சாகும்முன் அவன் மன்னிப்புக் கேட்பதாக இரண்டாம் அத்தியாயம் சேர்த்திருக்கிறாய். “பப்பா அப்படிப்பட்ட ஆளா மம்மி? ஊரு சிரிக்குது” என்று போனில் அழுதாய். நான் எழுதியது வக்கீலைப் பற்றி. பப்பாவை இழுத்தது நீ.

அந்தத் தொடரை ஒரு நாளும் விடாமல் பார்த்தவள் நான். அவன் மன்னிப்புக் கேட்கிறவன் இல்லை.

அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு, நீக்கியதாகக் கைப்பட எழுது.

உன் மம்மி