புல்லுக்குப் போக வேண்டிய உரம்

இயேசு மரி சூசை

பம்பூபிளாட்

அன்பு மகள் டயானாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான், உன் அம்மா, பசு லில்லி மூவரும் இருக்கிறோம், இதில் முழுச் சுகத்தோடு இருப்பது லில்லி மட்டும்தான். கார் நிக்கோபாரில் நர்ஸ் வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன் போட்டால் கொரகொர சத்தம்தான் வருகிறது, அதனால் கப்பலில் வரும் குணா கையில் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன்.

லில்லியை விற்கச் சொல்லி உன் அம்மா ஒற்றைக்காலில் நின்றது உனக்குத் தெரியும். மெயின்லேண்ட் வைக்கோல் வரும் கப்பல் பிந்தினால் அது பசியில் கத்துகிறது, தெருவே நம் வீட்டைப் பார்க்கிறது, கடல்ல கெடந்த மனுசனுக்கு மாடு எதுக்குங்கேன் என்று அவள் கேட்கிறாள். எனக்கோ அதைப் பிரிய மனமில்லை. மாட்டு டாக்டர் இந்திக்காரர், அவர்தான் வழி சொன்னார், நேப்பியர் புல் நடு, தோட்டக் கழிவை மக்க வைத்து அதற்கே உரமாகப் போடு, கப்பலை எதிர்பார்க்க வேண்டாம் என்று. தீவனத்துக்கு அவர் வாயில் சாரா என்று வந்தது, நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். புல்லை நட்டேன், குழி வெட்டி வாழைத்தண்டு, மக்காச்சோளத் தட்டை, லில்லி மிச்சம் வைத்த வைக்கோல் எல்லாம் அடுக்கி, சாணித் தண்ணீர் தெளித்து, வாரந்தோறும் புரட்டினேன். உள்ளே கை விட்டால் சுடும், எனக்கு அவ்வளவு சந்தோஷம், உன் அம்மாவுக்கோ நாற்றம். பூசைக்குப் போனால் என் பெஞ்சில் நான் மட்டும்.

ஒருவழியாக உரம் கறுத்து, தேயிலைத் தூள் மாதிரி உதிர்ந்தது, நாற்றமும் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து எனக்கு அக்கரையில், சாத்தம் துறையில் படகு என்ஜின் வேலை. உன் அம்மா குழிப்பக்கமே வர மாட்டாள், அதனால் பக்கத்து வீட்டு வங்காளி ஹல்தாரிடம், யே காத் சாரா மே டால் தேனா, இந்த உரத்தைத் தீவனத்துக்குப் போட்டுவிடு என்று நம் இந்தியில் சொல்லிவிட்டு ஃபெர்ரி ஏறினேன். டீக் ஹை தாதா, சரி அண்ணா என்றார். திரும்பி வந்தால் புல் வெறும் மண்ணில் நிற்கிறது, உரம் முழுக்க உன் அம்மாவின் காலிஃபிளவர் நாற்றுக்குப் போயிருக்கிறது. அவர் பாஷையில் சாரா என்றால் நாற்றாம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன், மனிதர் வேலை செய்த களைப்பில் டீ கேட்கிறார்.

ஆனால் அந்த நாற்றுகள் கிளம்பின பார், ஒவ்வொரு இலையும் தட்டு அகலம். உன் அம்மா எந்நேரமும் பாத்தியிலேயே நின்றாள். லில்லியை விலைக்குக் கேட்டு ஆள் வந்தபோது, நஹி பேச்சேகா, விக்க மாட்டேன், எனக்குச் சாணி வேணும் என்று அவளே வாசலோடு அனுப்பிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான். லில்லி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் காலிஃபிளவர் பாத்தியை அடியோடு மேய்ந்துவிட்டது. ஹல்தார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, அப் தோ சாரா ஹோ கயா, இப்போது தீவனமாகிவிட்டதே என்று சிரிக்கிறார். உன் அம்மா விளக்குமாற்றோடு தொழுவத்துக்குப் போனாள். போச்சு, நாளைக்கே விற்றுவிடுவாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே விளக்குமாறு தரையில் கிடக்கிறது, அவள் லில்லியின் வயிற்றைத் தடவித் தடவி, இம்புட்டையும் தின்னா உப்பாதாட்டீ, வலிக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கருவாட்டை ஒரு வெயிலில் காட்டி எடுத்து வை, ஈஸ்டர் லீவுக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு. வரும்போது எனக்கு வாயு மாத்திரை கொண்டு வா. கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் வயிறு உப்பத்தான் செய்கிறது, இந்த வீட்டில் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா
அருள்நாதன்