கேட்டில் நின்ற இரண்டு மணி நேரம்

சுங்குவார்சத்திரம்

அன்பு ரத்னாவுக்கு யாக்கோபு எழுதுவது. யாரும் எழுதித் தரவில்லை, எல்லாம் என் கைதான்! உன் முட்டி வலி தேவலையா? நான் சுகம்.

ஏசி சர்வீஸில் நேரம் எழுதும் கார்டில் தினமும் கைநாட்டு வைப்பேனே, அதை இப்போது நானே படிக்கிறேன். ஒரகடம் கம்பெனியில் ஃபில்டர் கழுவ எனக்கு மூன்று மணி நேரம் ஆனதாக சூப்பர்வைசர் ஸ்ரீதர் எழுதியிருந்தார். கழுவியது ஒரு மணி நேரம். மீதி, உள்ளே விடும் பாஸ் சீட்டுக்காக கேட்டில் நின்றது. நான் ஸ்லோ என்று எங்கள் ஆபீஸில் என்னை வேலையை விட்டு நிறுத்தப் பார்ப்பது இதை வைத்துத்தான்.

கேட் நேரத்தைத் தனியாக எழுதச் சொன்னேன். "இன்னா பெருசு, கலெக்டருக்குப் படிக்கிறியா?" என்று சிரித்தார். ஆனாலும் எழுதினார்.

நேற்று அவரே டீ வாங்கித் தந்தார். "பெரியவரே, நாளைக்கான கார்டுல இப்பவே கையெழுத்து போட்டுடுங்க. டைம் நான் போட்டுக்கிறேன்" என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. டீயைக் குடித்தேன், கையெழுத்துப் போடவில்லை.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. நீயும் பெரிய எழுத்தில் நாலு வரி எழுது. இங்கே படிக்க அந்த கார்டு மட்டும்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. மணி காலை எட்டு பத்து, நானே குறித்துக்கொண்டேன்.

யாக்கோபு