அப்பா மூடாமல் விட்ட இரண்டு முழம்

தாராவி, பம்பாய்
1966, தை 20

என் மணிக்குட்டி இசக்கிப்பாண்டிக்கு அம்மா பேராச்சி எழுதிக்கொண்டது. இங்கே நான் படுக்காமல் கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்தக் குவைத்து வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க நம்ம இசக்கியம்மனைத் தினமும் கும்பிடுகிறேன். இந்தத் தடவை அடுத்தவர் கையால் எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. அப்பா கடைசிக் காலத்தில் ஊர் சிரிக்க ரோட்டில் தார்ச்சட்டி தூக்கினார் என்று காசிம் அங்கே வந்து சொன்னானாம், மழையில் ஏன் போகவிட்டாய், அதனால்தானே காய்ச்சல் கண்டு போனார் என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை ஐயா, கடைசி முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத பிள்ளை கேட்கத்தான் செய்யும். ஆனால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

டிராம் தண்டவாளத்துப் பள்ளத்தில் அடைகிற மண்ணைக் கொக்கிக் கம்பியால் சுரண்டி எடுப்பதுதான் அப்பா வேலை என்று உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தார். மத்தியானம் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவேன். ரோட்டோரத்தில் வழிப்போக்கர் தண்ணீர் குடிக்கிற கல் பியாவ் ஒன்று இருந்ததே, அதன் பக்கத்தில் நிற்போம். டிராம் ஓட்டுகிறவர் காலால் மணியை மிதித்துக்கொண்டு வருவார், நீயும் வாயால் டிங் டிங் என்பாய், உடனே அப்பா, ஏட்டி நம்ம வீட்டு டிராம் வந்துட்டு, வழிய விடுன்னு என்னைச் சொல்லுவார். மணிக்குட்டி என்ற பேர் அப்படி வந்ததுதான். இரண்டு டிராமுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். சோறு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை, சட்டியைக் கழுவி மட்டும் கொடுப்பார்.

டிராமை நிறுத்தினபோது நீ கப்பலேறி ஒரு மாசம்கூட ஆகவில்லை. டிராம் ஷெட்டுக்குப் பின்னால் மாட்டுங்கா பக்கம் போகிற பழைய தடத்தில் மட்டும் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் விட்டுவிட்டார்கள். இவர் சும்மா இருப்பாரா. விடிந்ததும் டீயைக் குடித்துவிட்டுக் கம்பியோடு போய்ச் சுரண்டிவிட்டு வருவார். வராத டிராமுக்கு யாருவே சுத்தம் பண்ணுவான்னு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு நாள், தோல் பட்டறைக்குச் சைக்கிளில் போகிற அப்துல் வாஹித் அந்தப் பள்ளத்தில் சக்கரம் சிக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். தூக்கிவிடப் போனவர்களில் அப்பாவும் ஒருத்தர். அவர்தான் என்று தெரியாமல் அவன் சொல்லியிருக்கிறான், எந்தக் கிறுக்கன் இதத் தோண்டி வச்சாம், மண்ணு நெறஞ்சு கெடந்தா நா ஏன் விழுதேன்னு. அப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மறுநாள் கம்பியோடு ஒரு சட்டியும் எடுத்தார். ரோடு போடுகிறவர்களிடம் மிச்சத் தாரும் ஜல்லியும் வாங்கிப் பள்ளத்தை அடைக்க ஆரம்பித்தார். மழைக்காலம் வந்தபோது, மழையாவது நிக்கட்டுமேன்னு நான் கையைப் பிடித்தேன் மணிக்குட்டி, பிடிக்காமல் இல்லை. தோண்டுனவன்தான மூடணும், இன்னொருத்தன் விழுகதுக்குள்ள முடிக்கணும்னு கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார். எட்டு மாசம்.

முதலில் சிரித்தவர்கள் பிறகு கூட வந்தார்கள். வாஹித்தே கட்டுப் போட்ட கையோடு வந்து ஜல்லி அள்ளினான். மாட்டுங்காவில் காலையில் தடி ஊன்றி நடக்கிற வேங்கடசுப்ரமணியன் என்ற பெரியவர் அப்பாவைப் பார்த்து, ஓய் நயினார், நீர் தார ஊத்தும், மனு எழுதறது என் பொறுப்பு, ஆபீஸ்ல முப்பது வருஷம் அதத்தானே கிழிச்சேன்னு சொல்லி, லாரி வரக்கூடாது, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் இந்த வழி வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அப்பா போன பிறகுதான் ஆர்டர் வந்தது. இரண்டு முனையிலும் கல் நட்டுவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வழி திறந்தார்கள். அதற்கு முதல் நாள் வாஹித் வந்து, அக்கா, எல்லாம் ஆயிட்டு, ஒரு ரெண்டு முழம் மட்டும் நயினார் மூடாம விட்டிருக்காவ, சுத்திக் கல்ல அடுக்கி வச்சிருக்காவ, ஞாபகமா அப்படியே விட்டுருவமான்னு கேட்டான். நான் வேண்டாம் என்றேன். ஒரு மனுஷன் விழுந்ததற்கே அவர் பட்டது போதும். நானே போய் உட்கார்ந்து தாரை ஊற்றிக் கல்லால் தட்டி மட்டமாக்கினேன். கையில் கொப்புளம், இப்போது ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் போனபோது நான் பழைய ஞாபகத்தில் டிராமுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினேன், எல்லாரும் சிரித்தார்கள். இனிமேல் உங்க அப்பா ரோட்டில் மண் அள்ளினார் என்று யார் சொன்னாலும் தலை குனியாதே. காசிமோடு சண்டை போடாதே, அவன் பார்த்ததைச் சொன்னான்.

மொட்டை மாடியில் பனியில் படுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஐப்பசியில் அப்பா வருஷத் திதி, இப்போதே லீவு சொல்லி வை. நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்ற
பேராச்சி

மடிக்கிற இடத்தில் கொஞ்சம் காகிதம் மிச்சம் இருக்கிறது, மனசு கேட்காமல் எழுதுகிறேன். நேற்று வாஹித் சொன்னான், மற்ற இடமெல்லாம் மூடினவர் அந்த இரண்டு முழத்தை மட்டும் தினமும் கம்பியால் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். நேரே எதிரில்தான் முன்னே பியாவ் இருந்ததாம். அதை இடித்துப் புதர் மண்டிக் கிடந்ததில் எனக்கு இடம் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. சோற்றுச்சட்டியோடு நாம் நின்ற இடம். அவர் எனக்காக விட்டு வைத்ததையா என் கையாலேயே மூடிவிட்டேன், மணிக்குட்டி?